கிணற்று மேட்டில் கிடைத்த சிவப்புக் கல்லை எங்கே கொடுத்து நகையாக்குவது?

வள்ளியூர்ப் பக்கம் எங்கள் தாத்தா கிணறு வெட்டியபோது, வெடிவைத்துக் கிளப்பிய பாறையை வெளியே மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்து கழுவிய பிறகு அந்த மேட்டில் ஆச்சி பொறுக்கிய நாலு சிவப்புக் கல், ஒரு தகர டப்பாவுக்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் பீரோவில் கிடந்தது. இந்த வருஷம் என் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத வச்சி எனக்கு ஒரு டாலர் செஞ்சு தாம்மா" என்று பிடித்துக்கொண்டாள். சரி, ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. அலைந்து தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால், இதேபோல ஒரு டப்பா வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் அது என்ன கல் என்று தெரிய வேண்டும். நம் பக்கம் சிவப்பாக எது கிடைத்தாலும் "மாணிக்கமா இருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிடுவார். கிட்டத்தட்ட எப்போதும் அது கார்னட் என்கிற, விலை குறைந்த வேறு ரகக் கல்தான். நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரத்துப் பழைய பாறைகளில் கார்னட் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருக்கும். அந்தப் பாறை காலப்போக்கில் உதிர்ந்து கடலுக்குப் போய், அலை அரித்து ஒதுக்கியதுதான் உவரி, கூத்தங்குழி கரைகளில் கருஞ்சிவப்பு வரிவரியாகத் தெரியும் மணல். அதில் நகைக்கு ஆகிற கல் கிடைக்காது, எல்லாம் பொடி. போதாததற்குத் தாது மணல் அள்ள 2013-லிருந்து தடை இருக்கிறது. தேரிக்காட்டின் சிவப்பைப் பார்த்து அதுவும் கார்னட் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு, வேறு சங்கதி. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் கண்ணில் பட்டதைப் பொறுக்கி வரலாம் என்ற எண்ணமும் வேண்டாம். புலிகள் காப்பகத்திலிருந்து கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. சொந்தப் பட்டாவில் வெட்டிய கிணற்றுக் கல் என்றால் மனசு நிம்மதி.

கார்னட்டா கண்ணாடியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு தட்டுத் தண்ணீரில் சின்னத் தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன் மேல் கல்லை வையுங்கள். கெட்டுப்போன ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், இரும்புச் சத்துள்ள சிவப்புக் கார்னட் தெர்மாகோலோடு மெல்ல நகர்ந்து வரும். மாணிக்கமும் கண்ணாடியும் இப்படி வராது. எங்கள் கல் நாலும் வந்தன. மகளுக்குக் கொண்டாட்டம், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ராகுவுக்குப் போடும் கோமேதகமும் கார்னட் குடும்பம்தான் என்று பிறகு தெரிந்து சமாதானம் ஆனேன்.

டப்பாவில் இரண்டு வெங்கச்சங்கல்லும் இருந்தன, சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் எடுத்தவை. சின்ன வயதில் இருட்டறையில் ஒன்றோடு ஒன்று உரசி வெளிச்சம் வரப் பார்ப்போமே, அதே கல். வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் அதற்குத் தங்கம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ளியில் நன்றாக இருக்கும்.

இப்போது பணக்கணக்கு. இந்தக் கல்லுக்குச் சந்தையில் விலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. செலவு முழுவதும் தங்கத்துக்கும் கூலிக்கும்தான். ஆனால் கல் தொலைந்தால் வேறு வாங்கி வைக்க முடியாது. கடை நகையில் கல் விழுந்தால் அதே மாதிரி இன்னொன்று வைத்துவிடுவார்கள். நமக்கு அது நடக்காது. அதனால் எந்த இடத்தில் கொடுத்தால் என் கல்லே எனக்குத் திரும்பி வரும், நாளைக்கு நகையை அழித்தால் கல்லை உடையாமல் எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்வியைத்தான் எல்லா இடத்திலும் கேட்டேன். தங்கம் கிராமுக்கு ஐந்து பத்து ரூபாய் குறைவது பிறகு வருகிற பேச்சு.

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் உள்ள பெரிய கடைகளைத்தான் முதலில் பார்த்தேன். அவர்கள் பக்கத்தில் உறுதியான விஷயம் ஹால்மார்க். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை, 22கே916 என்ற தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் ஹெச்யுஐடி என்ற தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் நகையிலேயே இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. ரசீது கிடைக்கும், பழைய நகையைப் போட்டு மாற்றலாம். ஆனால் "கல் நாங்களே கொண்டுவருகிறோம்" என்றதும் முகம் மாறுகிறது. இரண்டு கடையில் முடியாது என்றார்கள். ஒத்துக்கொண்ட ஒரு கடையிலும், நகை வெளியூர்ப் பட்டறையில் செய்துதான் வரும் என்றார்கள். அங்கே யார் கையில் நம் கல் இருக்கும் என்று கவுன்டரில் இருக்கிற பையனுக்கே தெரியாது.

எனக்கு இதில் பழைய சூடு ஒன்று உண்டு. அம்மாவின் ஏழு கல் கம்மலை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது ஒரு காதில் இரண்டு கல் வெளிறி இருந்தது. அம்மா பார்த்ததுமே "இது என் கல்லு இல்ல" என்றாள். கடைக்காரர் பாலிஷ் போட்டால் அப்படித்தான் தெரியும் என்றார். போட்டோ இல்லை, எடை எழுதி வாங்கவில்லை, என்ன பேச முடியும்? இன்றைக்குக் கையில் போன் இருக்கிறது. கல்லை ஸ்கேல் பக்கத்தில் வைத்து, வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றும் படம் எடுத்துவிட்டுத்தான் யாரிடமும் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற கீறல்தான் அந்தக் கல்லின் ரேகை. அது தெரிகிற மாதிரி எடுங்கள்.

அப்புறம் வடசேரி. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அந்த வேலை வடசேரியில்தான். வெள்ளியில் அடித்து, சிவப்பும் பச்சையும் கல் பதித்து, தங்க ரேக்கு ஏற்றுவார்கள். பரதநாட்டியத் தலைசாமானில் பார்த்திருப்பீர்கள். கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும், அடியில் பளபளக்கும் தகடு இருக்கும். கார்னட் மாதிரி இருண்ட கல்லுக்கு இது உண்மையில் நல்ல உபாயம், ஏனென்றால் உள்ளே போன வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி வந்து கல்லை எரியவிடும். தங்கத்தில் இதே பாணியில் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வடிவமைப்பெல்லாம் ஒரே அளவுக் கற்கள் வரிசையாக உட்காருவதற்கானது. கோணல்மாணலான ஒற்றைக் கல்லை நடுவில் வைத்தால் அது விருந்துக்கு வந்த வேற்றாள் மாதிரி நிற்கும். தினம் போட்டுக் குளிக்கிற நகைக்கும் இப்படிப் பின்பக்கம் மூடிய கட்டடம் (கல்லைப் பதிக்கிற விதத்தை அப்படிச் சொல்வார்கள்) ஆகாது. சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிட்டால் கல் செத்த மாதிரி ஆகிவிடும். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற அட்டிகை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு வடசேரிக்குப் போயிருப்பேன்.

சென்னையில் தனித்தனியாக டிசைன் செய்து தருகிறவர்கள் மூன்றாவது வழி. கல்லை இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுகிறார்கள், மெழுகில் அச்சு எடுத்து வார்க்கிறார்கள். இயற்கைக் கல்லின் குணம் தெரிந்தவர்கள் என்பது இரண்டு நிமிடம் பேசினாலே புரிகிறது. பெரும்பாலும் 18 காரட் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அது மெத்தென்று இருக்கும். 18 காரட்டில் 75 சதவீதம்தான், மீதி செம்பும் வெள்ளியும், அதனால் கெட்டி. நகம் மாதிரி நீட்டிய நாலு மெல்லிய கம்பி கல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்றால் கெட்டியான தங்கம்தான் வேண்டும். (தங்கத்துக்குச் சொல்கிற காரட் தூய்மை, கல்லுக்குச் சொல்கிற காரட் எடை, ஒன்றுக்கு 0.2 கிராம். கவுன்டரில் இரண்டையும் கலந்து பேசினால் நிறுத்திக் கேளுங்கள்.)

ஆனால் நம் ஊரில் நகை என்பது பாதி அலங்காரம், பாதி ஆபத்துக்கு உதவுகிற பணம். மகளுக்கு ஃபீஸ் கட்ட, நாற்று நட, ஆஸ்பத்திரிக்கு ஓட என்று எதற்கும் முதலில் போகிறது அடகுக் கடைக்குத்தான். 18 காரட்டை நீட்டினால் "916 இல்லையா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், மதிப்பும் அதற்கேற்பக் குறையும். மோதிரமாக இருந்தால், கை நாலு இடத்தில் இடிபடும் என்பதால், நான் 18 காரட்டுக்கே போயிருப்பேன். கழுத்தில் தொங்குகிற டாலருக்கு அது தேவைப்படவில்லை.

கல்லை டப்பாவிலேயே விட்டுவிட்டுக் கடையில் ஒரு ரெடிமேட் டாலர் வாங்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மகளிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியாக ஆசாரி. பாளையங்கோட்டையில் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்னப் பட்டறை. ஊதுகுழல், குறடு, கம்பியச்சு, வெங்காரக் கிண்ணம், மடியில் விழும் தூளைப் பிடிக்க ஒரு தோல். அவருடைய அப்பா, காதில் தொங்கவிடுகிற பாம்படம் செய்தவர். பாம்படம் பார்க்கக் கனமாக இருந்தாலும் உள்ளே பொள்ளல், அரக்கு அடைத்திருப்பார்கள். அதை எடை போட்டு வாங்கி ஏமாந்தவர்கள் கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லுதாம்மா. ஆனா இப்படியே கட்டுனா கரிக்கட்ட மாதிரி இருக்கும், முதுகச் சீவணும்" என்றார். நான் போன இடங்களில் கல்லைப் பற்றிப் பேசிய இரண்டாவது ஆள் அவர். மற்றவர்கள் எல்லாம் சேதாரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆசாரியிடம் கொடுப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. இவரிடம் வருவதற்கு முன்னால், வேறொரு பட்டறையில் நாலு கல்லில் சின்னதை மோதிரத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். கல்லைக் கட்டிய பிறகு வளையத்தைச் சின்னதாக்க நெருப்புக் காட்டியிருக்கிறார்கள். கல் குறுக்கே விரிந்துவிட்டது. கார்னட் கீறலைத் தாங்கும், வைரத்துக்குப் பத்து என்று வைக்கிற கடின அளவில் ஏழுக்கு மேல். திடீர்ச் சூட்டைத் தாங்காது. பற்றவைப்பு எல்லாம் முடிந்து, நகை ஆறி, கழுவிய பிறகுதான் கல் உள்ளே போக வேண்டும். பிறகு ரிப்பேருக்கு வந்தாலும் கல்லை எடுத்துவிட்டுத்தான் நெருப்பு. இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் கொடுத்தது என் தப்பும்கூட. நாலு கல் மூன்றானது.

தங்கத்தின் தரம் அடுத்த கவலை. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கிற சின்னத் தொழிலாளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, அதனால் ஆசாரி செய்ததில் முத்திரை இருக்காது. நான் செய்தது இது: முத்திரையுள்ள 4 கிராம் சொக்கத் தங்கக் காசை வாங்கிக் கொடுத்தேன். அதை 22 காரட் ஆக்கினால் செம்பும் வெள்ளியும் சேர்ந்து சுமார் 4.36 கிராம் வர வேண்டும். என் முன்னாலேயே உருக்கி, எடை போட்டு, நோட்டில் எழுதிக்கொண்டோம். பற்றவைக்கக் கேடிஎம் வேண்டாம் என்றும் சொன்னேன். கேடிஎம் நகை என்றால் உசத்தி என்று ஒரு காலத்தில் பேசினோம். அது காட்மியம் கலந்த பொடி, அந்தப் புகை செய்கிறவர் நுரையீரலுக்குத்தான் கேடு. அவரே அதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார். நகை முடிந்ததும் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் நாமே கட்டணம் கட்டித் தூய்மை பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது ஆசாரி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

கல்லைத் தீட்ட நெல்லையில் ஆள் கிடைக்கவில்லை. திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன, காங்கேயம் பக்கம் இயற்கைக் கல் வேலை நடக்கிறது. ஆசாரிக்குத் தெரிந்த திருச்சிக்காரரிடம் நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டை தீட்டவா, உருட்டி மெருகிடவா என்று கேட்டார். பட்டை போட்டால் வைரம் மாதிரி மின்னும் என்று ஆசைப்படுவோம். கருஞ்சிவப்பான கல் தடிமனாக இருந்தால் பட்டை போட்டும் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் மேலே முட்டை ஓடு மாதிரி வளைவாக, அடியில் லேசாகக் குடைந்து மெல்லிசாக்கச் சொன்னேன். டாலருக்கு எடுத்த 2.4 கிராம் கல் 0.71 கிராம் ஆகி வந்தது, அதாவது மூன்றரைக் காரட். பாதிக்கு மேல் பொடியாகப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் ஜன்னலில் பிடித்தபோது மாதுளை முத்துக்குள் வெயில் விழுந்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் நாற்பது வருஷம் அந்த நிறம் யாருக்கும் தெரியாது.

இனி கட்டடம். மூடிய கட்டடம் ஏன் வேண்டாம் என்று மேலே சொன்னேன். நகம் வைத்துப் பிடித்தால் வெளிச்சம் நாலு பக்கமும் வரும், ஆனால் 22 காரட்டில் நகம் வளையும், சேலை நூலை இழுக்கும், ஒரு நாள் கல் எங்கேயோ விழும். நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது: கல்லின் விளிம்பைச் சுற்றி மெல்லிய தகட்டை எழுப்பி, அதை உள்பக்கம் மடக்கி அமுக்குவது, அடிப்பக்கம் மட்டும் வட்டமாகத் திறந்து விடுவது. மெத்தென்ற 22 காரட் இதற்கு வசதி, மடக்கும்போது கல்லுக்கு அழுத்தம் குறைவு. பின்னால் திறந்திருப்பதால் கார்னட்டுக்கு வெளிச்சம் கிடைக்கும், அழுக்கு சேர்ந்தால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எல்லாவற்றையும் விட, என்றைக்காவது நகையை அழிக்க நேர்ந்தால் விளிம்பை நிமிர்த்திக் கல்லை முழுசாக எடுத்துவிடலாம். ஆசாரி இதற்குத் தகட்டைக் கல்லின் கோணலுக்கே வளைத்து அடித்தார். பெரிய கடையின் அச்சில் இந்தக் கோணல் உட்காராது. கல்லைத்தான் இன்னும் தேய்த்து அச்சுக்குப் பொருத்தியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. எங்கே செய்தாலும் கல்லைக் கட்டும் முன் நகையைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் எடை போட்டு எழுதி வாங்குங்கள். சேர்த்து எடை போட்டால் 0.71 கிராம் கிணற்றுக் கல்லுக்குத் தங்க விலை கொடுத்திருப்பீர்கள். விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ அதே ஆள் கல்லைக் கழிக்கிறேன் என்று ஒரு கிராமைக் கழிப்பார்.

அவசரம் இருக்கிறவர்களுக்கு ஆசாரி சரிப்பட மாட்டார். பத்து நாள் என்றார், இருபத்தாறு நாள் ஆனது. இடையில் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிறகு கரண்ட் இல்லை, பிறகு அமாவாசை. தேதி குறித்த விசேஷத்துக்கு என்றால் கடையிலேயே ஆர்டர் கொடுத்து, கல்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைச் சுவாமியிடம் விட்டுவிடலாம்.

டாலர் போன வெள்ளிக்கிழமை வந்தது. நோட்டில் இருப்பது இது: தங்கம் 3.940, கல் 0.710, மொத்தம் 4.650. மீதி 0.260 கிராமை ஆசாரி காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார், கழிவு 0.160. மகள் அதைப் பழைய செயினில் கோத்துப் போட்டுக்கொண்டு ஆச்சியிடம் ஓடினாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லைத் தடவிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "கல்லக் கழிச்சா எவ்வளவுட்டி நிக்கும்?" என்று கேட்டாள். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப அரைப் பவுனுக்கு அரைக் குந்துமணி கொறவு" என்றாள்.